வாசலில் நிற்கும் நாட் விமானத்துக்கு எனாமல் அடிக்கலாமா?

பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கல்லூரி வாசலில் சிமெண்ட் மேடை மேல் ஒரு பழைய நாட் போர் விமானம் நிற்கிறது. பெயிண்ட் உரிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மார்ச்சில் ஆண்டு விழா. இப்போது டிசம்பர். பழைய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து நன்றாகத் தேய்த்து, நல்ல எனாமலாக வாங்கி அடித்துவிடலாம் என்று இருக்கிறோம். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?"

அடிக்கலாம். ஆண்டு விழா போட்டோவில் பளபளவென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் போனதும் அந்த எனாமல் அப்பளம் போல எழும்பும், அடியில் இப்போது இருப்பதைவிட அதிகமாகப் பூத்திருக்கும். அப்போது யாராவது மறுபடியும் தேய்த்து அடிப்பார்கள். இப்படி ஆறேழு முறை அடித்துத் தகடே மெலிந்துபோன விமானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

விமானத் தகட்டு வேலையிலும் பெயிண்ட் ஷாப்பிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, இப்படி வாசல்களில் நிற்கும் நான்கைந்து விமானங்களில் கை வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

முதலில் உயிர் விஷயம். விமானியின் இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம், கைப்பிடி எதையும் இழுக்க வேண்டாம். ஆபத்தில் விமானியோடு சேர்த்து வெளியே தூக்கி எறியும் இருக்கை அது, அதற்கு அடியில் வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும். வாசலுக்கு அனுப்பும் முன் பெரும்பாலும் அவற்றைக் கழற்றியிருப்பார்கள். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி ஒரு பையனை உள்ளே ஏற்றக் கூடாது. கழற்றியாகிவிட்டது என்று எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது விமானப்படை ஆயுதப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பழைய டயல்களில் இருட்டில் ஒளிரும் எழுத்துகள். அந்தக் காலத்து ஒளிர் பெயிண்டில் ரேடியம் கலப்பது வழக்கம். அதன் கதிரியக்கம் பாதியாகவே 1600 வருஷம் ஆகும். ஒளிர்வது நின்றிருக்கும், கதிர் நின்றிருக்காது. கண்ணாடி உடைந்த டயல் இருந்தால் தொடாமல், ஊதாமல், காக்பிட்டை மூடிவிட்டு முறையான ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காகிதம். கல்லூரி அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடச் சொல்லுங்கள். விமானத்தைக் கொடுத்தபோது எழுதிய கடிதம் எங்காவது இருக்கும். விமானம் இன்னும் விமானப்படையின் சொத்தா, என்ன நிபந்தனையில் தந்தார்கள், வால் எண் என்ன என்பதெல்லாம் அதில் கிடைக்கும். வண்ணம் மாற்றும் முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விமானத்தின் எதிரி பழைய பெயிண்ட் இல்லை. தண்ணீர்தான்.

பறக்கும் விமானத்தின் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே சேரும் ஈரம் வடிவதற்காக வைத்தவை. விமானம் தரையில் மூன்று காலில் நிற்கும்போது எந்த இடம் தாழ்வோ, அந்த இடத்தில் துளை. வாசலில் நிறுத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அழகுக்காக மூக்கை வானம் பார்க்கத் தூக்கி, மேடையில் சாய்த்து வைக்கிறார்கள். தாழ்வான இடம் மாறிப்போகிறது. தண்ணீர் வாலில் தேங்குகிறது, துளையோ வயிற்றில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் இதைவிட மோசம். பெயிண்ட் கான்ட்ராக்டர் ஒருவர் நல்ல எண்ணத்தில் எல்லாத் துளைகளையும் இடுக்குகளையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார். பின்பக்கம் ஒரு பேனலைக் கழற்றினோம். இரண்டு வாளித் தண்ணீர் கொட்டியது, கூடவே ஒரு தவளையும் குதித்தது. பையன்கள் தவளையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலா எலும்பு மாதிரி நிற்கும் பிரேம்களின் அடிப்பகுதி விரலால் தொட்டாலே பொடிந்தது.

அதனால் முதல் இரண்டு வாரம் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். கழற்ற முடிந்த பேனல்களைக் கழற்றுங்கள், புறாக் கூடுகளை எடுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, நனைத்துவிட்டு எடுங்கள். அந்த எச்சம் ஒரு வகையில் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், சாதாரணக் குழாய். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், அது இடுக்குக்குள் தண்ணீரை அடித்து ஏற்றிவிடும். காய்ந்த பிறகு, இப்போதைய சாய்வில் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அந்த இடத்தின் அடியில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். பிரேமில் படாமல், தகட்டில் மட்டும். பழைய பொருளில் புதிதாகத் துளை போடுவதா என்று அருங்காட்சியகக்காரர்கள் முகம் சுளிக்கலாம். மழையில் நிற்கும் விமானத்துக்கு இதில் தயக்கம் காட்டக் கூடாது என்பது என் கட்சி.

இதைப் பார்க்கும்போதே மேடையையும் பாருங்கள். விமானத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் எங்கே அலுமினியத்தைத் தொடுகிறது? இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைந்துபோவது அலுமினியம்தான். நடுவில் தடித்த நியோப்ரீன் ரப்பர் வைக்க வேண்டும். சட்டத்தின் வெல்டிங்கையும் போல்ட்டுகளையும் உங்கள் சிவில் துறைப் பேராசிரியர் ஒருவர் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நாட் சின்ன விமானம்தான், ஆனாலும் வெறும் எடையே இரண்டு டன்னுக்கு மேல். அதன் கீழேதான் உங்கள் பிள்ளைகள் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் அது இந்த வேலையாக இருக்கட்டும். பெயிண்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த வெள்ளைப் பூ. இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் பூக்கும். விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை. பலத்துக்காகச் செம்பு சேர்த்த கலவை. சுமார் 4 சதவீதம் செம்புதான், ஆனால் பலம் தரும் அதே செம்பு அரிப்பையும் கூட்டிவரும். அதனால் தகட்டின் இரு பக்கமும் மெல்லிய சுத்த அலுமினியப் போர்வை ஒட்டியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அந்தப் போர்வை பக்கத்துக்கு 0.05 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். பத்துப் பேர் ஆளுக்கொரு கிரைண்டரோ முரட்டு உப்புத்தாளோ பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தால் என்ன ஆகும்? பளபளவென்று வரும். விமானத்தை அத்தனை வருஷம் காப்பாற்றிய போர்வை தரையில் தூளாகக் கிடக்கும்.

என் கதை இதுதான். ஓய்வு பெற்ற முதல் வருஷம், நேரம் குறைவு என்று, ஒரு விமானத்தின் சிறகுகளை இரும்புக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கூடாது என்று எனக்குத் தெரியும். ஷாப்பில் ஒரு பையன் அதைச் செய்திருந்தால் நானே வெளியே அனுப்பியிருப்பேன். விழா அவசரம். பிரஷ்ஷின் இரும்புத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் பதிந்தது. அதன் மேல் அருமையாக பிரைமர், அருமையாக பெயிண்ட். ஒரே மழைக்காலத்தில் மேல் சிறகு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் கொப்புளங்கள். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் ஒரு பழுப்புப் புள்ளி. முழுவதையும் எடுத்து மறுபடி செய்தோம், என் செலவில்.

ஆகவே இரும்பு பிரஷ்ஷும் கம்பிச் சுருளும் கூடாது. மணல் பீச்சுவதும் கூடாது. நைலான் ஸ்கிரப்பர், 400 நம்பருக்குக் குறையாத ஈர உப்புத்தாள், பொறுமை. பூத்த இடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயிண்டை உரிக்க வேண்டியதே இல்லை, மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கினால் அதுவே புதுப் பெயிண்டுக்கு நல்ல தரை. ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் ரிமூவரை ஊற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இணைப்புகளுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டு, ஆறு மாதம் கழித்து மெல்லக் கசிந்து புதுப் பெயிண்டைத் தூக்கும். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், இணைப்புகளை அலுமினிய டேப்பால் மூடிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரிவெட் வரிசைகளை மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே தகடு தலையணை மாதிரி உப்பியிருந்தால், அரிப்பு இணைப்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே பூத்தது இடம் போதாமல் தகட்டைத் தள்ளுகிறது. அதன் மேல் பட்டி பூசிச் சமன் செய்யாதீர்கள். அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், தகட்டு வேலை தெரிந்தவர் பார்க்கட்டும். கழன்ற ஸ்குரூவுக்குப் பதிலாக எஸ்.பி. ரோட்டில் பித்தளை ஸ்குரூ வாங்கிப் போடுவதும் அதே பேட்டரி கதைதான்.

இன்னொரு எச்சரிக்கை. தேய்க்கும்போது அடியில் மஞ்சளோ, மஞ்சள் கலந்த பச்சையோ தெரிந்தால் அது பழைய குரோமேட் பிரைமராக இருக்கலாம். அரிப்பைத் தடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் அதன் தூள் புற்றுநோய் தரும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, வடியும் கூழைத் துணியில் ஒற்றி எடுத்து, டப்பாவில் மூடி வையுங்கள். சாக்கடைக்குப் போக வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் அதைப் படியுங்கள்.

வாலில் ஒன்று, முதுகில் ஒன்று, சிறகடியில் ஒன்று என்று ஒரு ரூபாய் அகலத்தில் இடம் தேர்ந்தெடுத்து, 600, 800, 1200 என்று ஈர உப்புத்தாளால் வட்டமாக, நடு மட்டும் ஆழமாக வருமாறு தேயுங்கள். வெட்டிய வெங்காயம் மாதிரி வளையங்கள் தெரியும். வெளி வளையம் போன முறை அடித்த எனாமல். உள்ளே போகப் போக அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது, கடைசியில் படையில் இருந்தபோது அடித்தது, நடுவில் வெள்ளி உலோகம். நிழலில், பகல் வெளிச்சத்தில், ஒரு வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த விமானம் என்பதால் அவர்களுடைய பி.எஸ். 381சி வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் வெயில் பட்ட பெயிண்ட் வெளுத்திருக்கும். ஏதாவது பேனலின் உள் மடிப்பில் வெயில் படாத துண்டு கிடைத்தால் அதை நம்புங்கள்.

நாட் விமானத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், அது ஒரே உடையில் வாழ்ந்ததில்லை. 1965 போருக்குப் போனபோது வெள்ளி நிறத்தில்தான் பறந்தது. பச்சையும் சாம்பலுமான உருமறைப்பு வண்ணம் அதற்குப் பிறகு வந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் ஓட்டிப் போய், எண்ணிக்கையில் அதிகமான எதிரி விமானங்களோடு மோதி உயிர் விட்ட நிர்மல் ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. விமானப்படையில் அந்த விருது பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதனால் வாசலில் நாட் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவருடைய எண்ணை எழுதிவிட ஆசை வரும். உங்கள் விமானத்துக்கென்று ஒரு எண் இருக்கிறது, ஒரு வரலாறு இருக்கிறது, அதை எழுதுங்கள். அப்படியும் மரியாதைக்காக இன்னொரு எண்ணை எழுதுவதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விமானப்படை பறக்க வைத்திருக்கும் பழைய டகோட்டா போக்குவரத்து விமானம், வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்குகிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படை இறக்கிய டகோட்டாவின் நினைவாக வைத்த எண் அது. நினைவாக வைத்தது என்று சொல்லியே வைத்தார்கள், அதில் பொய் இல்லை.

உங்களுடையது நாட்தானா, அதன் தம்பி அஜீத்தா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். இரண்டையும் தயாரித்திருக்கிறது, பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அஜீத்துக்குச் சிறகுக்குள்ளேயே எரிபொருள் தொட்டி. அதனால் சிறகடியில் பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு மாட்டும் இடங்களையும் ஆயுதத்துக்கு விட முடிந்தது. பலகையில் 'நாட்' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பலகை எழுதியவரும் உங்களையும் என்னையும் போல யாரையோ கேட்டுத்தான் எழுதியிருப்பார்.

இந்த ஊருக்கு இந்த வேலை புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, மறுபடி யாரும் பறக்கவிடக் கூடாது என்று சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றி, பெங்களூருக்குப் பறந்து வரவைத்து, ஹெச்.ஏ.எல். சரி செய்து விமானப்படைக்குக் கொடுத்தது. ஓட்டி வந்தவர் ஹெச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி. 1968 வரை அவை சேவையில் இருந்தன. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. லண்டனில் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்பதும் அதில் ஒன்று. ஹெச்.ஏ.எல். இருக்கும் விமானபுராவில் அப்போது வேலை பார்த்தவர்களில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துத் தமிழர்களும் உண்டு. நான் சேர்ந்தபோது கடைசித் தலைமுறை மேஸ்திரிகள் இருந்தார்கள். உள்பக்கம் பிரைமர் அடிக்காத தகட்டைக் கண்டால் அவர்கள் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

சின்ன எழுத்துகளை மறக்காதீர்கள். 'இங்கே மிதிக்காதே', 'இங்கே ஜாக் வை', மீட்பு அம்புக்குறி என்று உடம்பெல்லாம் இருக்கும். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, அளவும் இடமும் குறித்து வையுங்கள். வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவில். நடுவில் சக்கரம் கிடையாது. பச்சையை வெளியே போட்ட விமானத்தையும், சக்கரம் வரைந்த விமானத்தையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வால் பட்டையில் எந்த நிறம் முன்னே என்பதற்கு அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பாருங்கள், ஞாபகத்தில் அடிக்காதீர்கள்.

பெயிண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த இரண்டு பாக எபாக்சி பிரைமர், அதன் மேல் இரண்டு பாக பாலியூரிதேன். போர் விமானத்தின் அசல் பெயிண்ட் மினுக்கில்லாதது. ஆனால் வெயிலில் நிற்பதற்கு அரை மினுக்குதான் என் தேர்வு, அழுக்கும் குறைவாகப் பிடிக்கும். நாட் விமானத்தின் சிறகுப் பரப்பு 13 சதுர மீட்டர்கூட இல்லை, நீளம் 9 மீட்டருக்குள். மொத்தப் பெயிண்டே கொஞ்சம்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலியூரிதேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் வாழ்நாள் ஆஸ்துமா வரலாம். கடையில் விற்கும் துணி முகமூடி எதற்கும் உதவாது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடியோடு, கார் பெயிண்ட் பூத்தில் பழகிய ஒருவரைக் கூலிக்கு அழைத்து ஸ்ப்ரே கன்னைக் கொடுங்கள். மாணவர்கள் மாஸ்கிங் ஒட்டட்டும். காக்பிட் கண்ணாடி அக்ரிலிக், தின்னர் பட்டால் நுண்விரிசல் ஓடும். முதல் நாளே நன்றாக மூடிவிடுங்கள். டயர்களில் காற்று வேண்டாம், அச்சுக்கு முட்டு கொடுங்கள்.

நாள் தேர்வுக்கு ஜனவரி இறுதி, பிப்ரவரி சரியாக இருக்கும். பெங்களூர் காலைப் பனி தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும், அதனால் பத்து மணிக்கு முன் தொடாதீர்கள். தகட்டின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். உச்சி வெயிலும் ஆகாது, சூட்டில் பெயிண்ட் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து மணல் மாதிரி விழும். சாரம் கட்டி, சுற்றிலும் தார்ப்பாய் போடுங்கள். நிழலுக்கு மட்டுமில்லை, வாகன நிறுத்தம் பக்கத்தில் என்றால் கல்லூரி முதல்வரின் காரும் உருமறைப்பு வண்ணத்துக்கு மாறிவிடும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் குழாயைப் பிடித்து, மழை மாதிரி, அரை மணி நேரம் விமானத்தின் முதுகில் விடுங்கள். ராத்திரி முழுக்க வடிந்தும் காலையில் எங்கெங்கே சொட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் நம் வேலை எங்கே என்று தெரிந்துவிடும். ஏணி இரண்டு, டார்ச் ஒன்று, ஒரு சாக்பீஸ் எடுத்து வையுங்கள். பெயிண்ட் இன்னும் வாங்க வேண்டாம்.